முள் காட்டிய ஐம்பது

ஜூன் 4, செவ்வாய்

நட்டு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் இந்தக் கடிதத்தில் கிடையாது. எனக்கு நலமும் இல்லை, உன் நலத்தை அறியும் ஆவலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் போனில் போட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, "ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நீயோ பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டாய். இனிமேல் போன் கிடையாது. போனில் ஒன்று சொல்வாய், மறுநாள் கேட்டால் "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்பாய். எழுத்தில் வா. எழுத்தில் இருந்தால் நீயும் மழுப்ப முடியாது, நானும் மழுப்ப முடியாது.

நீ கேட்காமல் வைத்துவிட்ட விஷயம் இதுதான். மார்ச் மாதம் உன் கடையிலிருந்து லாரியில் நான்கு சக்கரம் அனுப்பினாய். டயரோடு, பளபளவென்று. இங்கே ஒர்க்‌ஷாப்காரர் அவற்றை என் பயிற்சிக் காரில் மாட்டினார். மே மாதத்தில் மட்டும் வேகக் கேமரா அந்தக் காரை மூன்று தடவை பிடித்திருக்கிறது. ஐம்பதுக்கு மேல் போகக் கூடாத சாலையில் ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு, மறுபடி ஐம்பத்தைந்து. மூன்று தடவையும் ஓட்டியவர்கள் என் மாணவர்கள். பக்கத்து சீட்டில் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். மூன்று தடவையும் மீட்டர் முள் ஐம்பதில்தான் நின்றது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பத்தொன்பது வருடமாக நான் சொல்லிக்கொடுப்பது உனக்கே தெரியும். முள் ஐம்பதைத் தொடலாம், தாண்டக் கூடாது. ஊரே என்னை "பிரேக்கம்மா" என்று கேலி செய்வது சும்மா இல்லை. அப்படிப்பட்ட எனக்கு உரிம அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஜூலை 2-ம் தேதி விசாரணை. பயிற்றுநர் அனுமதியை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். அனுமதி போனால் பள்ளி போச்சு. இந்த வயதில் எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

மூன்றாவது தடவை ஓட்டியது ஒரு நர்ஸ் பெண். ஊர் ஊராகப் போகும் மருத்துவ வண்டியில் வேலை கிடைத்திருக்கிறது, உரிமம் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "மேடம், நான் ஐம்பதுலதானே போனேன்? நீங்களும் பார்த்தீங்கல்ல?" என்று அழுதாள்.

ஒர்க்‌ஷாப்காரர்தான் சொன்னார்: "டயர் பெருசா இருந்தா மீட்டர் கம்மியா காட்டும்மா." ஆக, தப்பான சைஸை என் தலையில் கட்டியது நீ. அதை உன் கடைத் தாளில் எழுதி, முத்திரை வைத்து அனுப்பு. அதைத் தவிர உன்னிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டாம்.

அக்கா


ஜூன் 8, சனி

அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

எழுத்தில் வா என்றாய். வருகிறேன். மார்ச் 12-ம் தேதி மத்தியானம் நீ போன் செய்தாய். "கார் வேகத்தடையில ஏறும்போதெல்லாம் அடி தட்டுதுடா, ஓட்டுறவங்க பயந்துபோறாங்க, ஒரு சைஸ் பெரிய சக்கரமா போட்டுக் கொடு" என்றாய். "இப்ப என்ன சைஸ் இருக்கு? டயரோட பக்கத்துல எழுதியிருக்கும், படிச்சு சொல்லு" என்றேன். "இரு" என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து படித்தாய்: 155, 80, 13. கையில் கிடைத்த டியூப் அட்டையைக் கிழித்து எழுதினேன். அந்த அட்டை இப்போதும் என் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வேண்டுமென்றால் வந்து பார்.

இனி கணக்கு. பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்கு டயரில் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரியுமே தவிர, அதற்கு அர்த்தம் தெரியாது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. மூன்றாவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். உன் 155-க்கு 80 சதவீதம் என்றால் சுவர் 124. மேலும் கீழும் சேர்த்து 248. பதிமூன்று அங்குல ரிம் 330. மொத்தம் தரையிலிருந்து உச்சி வரை 578 மில்லிமீட்டர். ரிம்மை ஓர் அங்குலம் பெரிதாக்கினால் சுவரைக் குறைக்க வேண்டும், அப்போதுதான் மொத்த உயரம் மாறாது. நான் அனுப்பியது 165/70, பதினான்கு. அது 587. உனக்கு அடி தட்டக் கூடாது என்பதால் ஒன்பது மில்லிமீட்டரை வேண்டுமென்றே விட்டேன். ஒன்றரை சதவீதம். ஐம்பதில் போனால் முக்கால் கிலோமீட்டர் வித்தியாசம் வரும். ஐந்து வராது, நீ தலைகீழாக நின்றாலும் வராது.

முக்கால் என்னுடையது. மீதி நாலேகாலை உன் காலிடம் கேள். பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டே தூங்கிப்போயிருக்கும்.

நீ கேட்கும் தாள் என்ன தெரியுமா? ஜூலை 1-ம் தேதியிலிருந்து டயர் மாட்டும் பிரிவு முழுவதையும் என் பொறுப்பில் விடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். ஒன்பது வருடம் காத்திருந்தது. அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: தப்பான சைஸ் மாட்டியவன் கையில் பிரிவைக் கொடுக்க மாட்டார். அவரிடமே போய், நான் தப்பான சைஸ் கொடுத்தேன், முத்திரை வையுங்கள் என்று நிற்கச் சொல்கிறாய். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள மாட்டேன்.

தம்பி


ஜூன் 11, செவ்வாய்

டேய்,

காலைக் கேட்கவா? என் காலையா? இந்தக் கால் இல்லாவிட்டால் இந்த ஊரில் எத்தனை பேர் சுவரில் ஒட்டியிருப்பார்கள் தெரியுமா? நீயே ஒட்டியிருப்பாய், பால் பூத் திருப்பத்தில், பதினெட்டு வயதில்.

பெரிய கணக்கு வாத்தியார் மாதிரி சுவர், சதவீதம் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டால் நான் பயந்துவிடுவேனா? என் பள்ளியில் முதல் பாடம் என்ன? சாவியைத் தொடும் முன் காரைச் சுற்றி வா, நான்கு டயரையும் குனிந்து பார். முட்டி வலிக்கிறது என்று யார் சொன்னாலும் விட மாட்டேன். அறுபது வயது ஆசிரியை ஒருவரைக் குனிய வைத்திருக்கிறேன். டயரைப் பார்க்கத் தெரியாதவள் நானாம்.

உன் அட்டையில் நீ என்ன கிறுக்கி வைத்திருக்கிறாயோ, அது எனக்கு எதற்கு? பழைய டயரையும் ரிம்மையும் ஒர்க்‌ஷாப்காரர் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார், அவற்றைத் தேடியும் பிரயோஜனம் இல்லை. ஆனால் இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சக்கரம் மாட்டிய மறுநாளே சொன்னேன், "ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா கர்ருன்னு உரசுதுடா." நீ என்ன சொன்னாய்? "புது டயர்க்கா, போகப் போக சரியாயிடும்." சரியாகிவிட்டதா? இன்றைக்கும் பின்னால் எடுத்து நிறுத்தும்போதெல்லாம் உரசுகிறது. ஒன்பதே மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கா உரசும்? உன் கடைக்கு வரும் முன்பின் தெரியாத ஆள் வந்து சொல்லியிருந்தால் இப்படித்தான் பதில் சொல்லியிருப்பாயா?

எல்லாவற்றிலும் உனக்கு அவசரம். கணக்கில் அவசரம், பேச்சில் அவசரம், போனை வைப்பதில் அவசரம். சின்ன வயதில் நட்டை வாயில் போட்டு முழுங்கினாயே, அதுகூட அவசரத்தில்தான். மூன்று தடவை உன்னைத் தேர்வுக்கு அனுப்பாமல் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய். நிறுத்தியது சரிதான். இப்போது ஊருக்கெல்லாம் டயர் மாட்டுகிறாய், கையில் ஓட்டுநர் உரிமம்கூட இல்லாமல்.

விசாரணைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. தாளை அனுப்பு.

அக்கா


ஜூன் 15, சனி

அக்காவுக்கு,

அதை எடுக்காமல் விட மாட்டாய் என்று தெரியும். சரி, எடுத்துவிட்டாய், பேசிவிடுவோம்.

மூன்று தடவை. மூன்று தடவையும் தேர்வு நாள் காலையில். குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, மற்ற மாணவர்களோடு வரிசையில் நின்ற பிறகு, எல்லார் முன்னாலும், "நீ இன்னும் தயாராகலை, போய் கூம்பை எடுத்து வை" என்றாய். முதல் தடவை வேகமாக ஓட்டினேன், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது தடவை ஏதோ சொன்னாய். மூன்றாவது தடவை காரணமே சொல்லவில்லை. பயிற்சிக்காகத் தரையில் வைக்கும் அந்தச் சிவப்புக் கூம்புகளை டிக்கியில் அடுக்கும்போது அவர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்த மாதமே பஸ் ஏறிவிட்டேன். உரிமத்தைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது பதில் சொல்வதாக இல்லை.

உரசல் விஷயத்தில் நீ சொன்னது சரி. அன்றைக்கு நீ சொன்னதும் எனக்கும் சந்தேகம் தட்டியது. 587 உயர டயர் சக்கரத்துக்கு மேலே இருக்கும் அந்தத் தகர வளைவில் உரசக் கூடாது. அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கேட்டால் "என்னையே சந்தேகப்படறியா?" என்று ஆரம்பிப்பாய், அதைக் கேட்கத் தெம்பு இல்லை. புது டயர் என்று சொல்லி வாயை மூடிவிட்டேன். அது என் தப்பு. இந்த ஒன்றை எழுத்தில் தருகிறேன், வைத்துக்கொள்.

இனி சண்டையை நிறுத்தி ஒரு வேலை செய். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் நட்டிருக்கும். ஒரு கல்லில் நிறுத்தி, மீட்டரில் ஓடிய தூரத்தைக் குறி. பத்துக் கல் தள்ளி நிறுத்தி மறுபடி குறி. டயர் சரியான உயரம் என்றால் மீட்டரும் பத்து காட்டும். கம்மியாகக் காட்டினால் டயர் காருக்குப் பெரிது. இதைச் சாட்சியோடு எழுதி வைத்தால் அலுவலகத்தில் எந்தக் கொம்பனும் மறுக்க முடியாது.

இன்னொன்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு மூடும் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். கார் கம்பெனி ஒட்டியது, டயர் சைஸ் அதில் இருக்கும். நீ பயிற்சிக் கார் என்று மஞ்சள் பெயின்ட் அடித்தபோது அதன் மேலேயும் அடித்திருப்பார்கள். சுரண்டிப் பார்.

தம்பி


ஜூன் 19, புதன்

தம்பிக்கு,

கல் கணக்கு எடுத்தாகிவிட்டது. நர்ஸ் பெண் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தாள், நான் ஓட்டினேன். பத்துக் கல்லுக்கு மீட்டர் ஒன்பது புள்ளி ஒன்றுதான் காட்டியது. திரும்பி வரும்போதும் அதேதான். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

ஸ்டிக்கரையும் பார்த்தேன். நகத்தால் வரவில்லை, பிளேடால் சுரண்டினேன். 145/70, பதிமூன்று என்று இருக்கிறது.

நீ சொல்லிக்கொடுத்தபடி நானே கணக்குப் போட்டேன். அந்த டயர் 533. நீ அனுப்பியது 587. பத்து சதவீதம். முள் ஐம்பதில் நின்றால் கார் ஐம்பத்தைந்தில் போகிறது. ஆக, என் கால் தூங்கவில்லை.

உன் அட்டையில் 155/80 எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் என் கார் டயரில் இருந்ததைத்தான் படித்தேன். நீ கடைச் சத்தத்தில் எழுதியிருப்பாய். அதைப் பற்றி இனிப் பேசி என்ன ஆகப் போகிறது.

விசாரணைக்குக் கல் கணக்கு மட்டும் போதாது. சைஸ் எப்படித் தப்பானது என்று கேட்பார்கள். கடைத் தாள் வேண்டும். உன் முதலாளி நல்ல மனிதர் என்று நீயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். சீக்கிரம் அனுப்பு.

வேளா வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


ஜூன் 24, திங்கள்

அக்காவுக்கு,

தாள் இதோடு இருக்கிறது. முத்திரை வைத்தது. "கார் தயாரித்தவர்கள் குறித்த டயர் அளவைச் சரிபார்க்காமல் பத்து சதவீதம் பெரிய டயரை அனுப்பியது எங்கள் கடையின் பணியாளராகிய நான், முழுப் பொறுப்பும் என்னுடையது" என்று எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் என்னால் குனிய முடியாது.

முதலாளி கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நீயா?" என்று மட்டும் கேட்டார். முத்திரையை அவரே எடுத்து வைத்துக் கொடுத்தார். ஒன்றாம் தேதி பிரிவு பக்கத்து மேடையில் வேலை செய்கிறவனுக்குப் போகிறது. எனக்குப் பிறகு நான்கு வருடம் கழித்துச் சேர்ந்தவன், நான்தான் நட்டு முடுக்கக் கற்றுக்கொடுத்தேன். இன்றிலிருந்தே என்னை "அண்ணே" என்று கூப்பிடக் கூச்சப்படுகிறான்.

இப்போது நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி. என் அட்டையில் தப்பில்லை. சத்தத்தில் ஒருவன் ஓர் எண்ணை மாற்றி எழுதலாம். இரண்டு எண்ணை மாற்றி எழுதி, அந்த இரண்டும் சேர்ந்து உலகத்தில் நிஜமாகவே இருக்கிற ஒரு சைஸாக அமைவது நடக்காது. 155/80, பதிமூன்று என்று ஒரு டயர் இருக்கிறது, தினமும் மாட்டுகிறேன். அதை நீ எங்கேயோ பார்த்துத்தான் படித்தாய்.

உன் கார் பழைய கார். உனக்கு விற்றவர் வேறு ஏதோ காரின் சக்கரத்தை ஸ்டெப்னியாகப் போட்டு வைத்திருக்கலாம். நிறைய பேர் அப்படிச் செய்வார்கள், டிக்கிக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று.

டிக்கியைத் திற. ஸ்டெப்னியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

தாளை ஏன் கொடுத்தேன் என்று நீ நினைக்கலாம். போனில் சைஸ் சொல்லும் எவரிடமும் நான் இரண்டு தடவை கேட்பேன், "எந்த டயரைப் பார்த்து சொல்றீங்க? தரையில இருக்கறதா, டிக்கியில இருக்கறதா?" இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்காதது நான்தான், அதனால்தான் கொடுத்தேன்.

தம்பி


ஜூலை 3, புதன்

நட்டு,

பதில் வேண்டாம் என்று எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தது? எழுதுவேன். படி.

டிக்கியைத் திறக்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. பிளேடால் பெயின்ட்டைச் சுரண்டி 145 என்று பார்த்த நிமிடமே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மார்ச் 12-ம் தேதி மழை பெய்துகொண்டிருந்தது. காரைச் சுவர் ஓரமாகக் குட்டையில் நிறுத்தியிருந்தேன். டயரெல்லாம் சேறு. கூம்புகளை எடுக்க டிக்கி ஏற்கனவே திறந்திருந்தது. உள்ளே ஸ்டெப்னி, நனையாமல், சேறு படாமல், எழுத்து கண்ணுக்கு நேராக. ஊர் முழுக்கக் குனிய வைக்கிறவள் அன்றைக்குக் குனியவில்லை. அதைப் படித்துவிட்டு உன்னிடம் வந்து சொன்னேன்.

இது தெரிந்தேதான் போன கடிதத்தை எழுதினேன். நீ சத்தத்தில் எழுதியிருப்பாய் என்று எழுதினேன். வேளா வேளைக்குச் சாப்பிடு என்று வேறு எழுதினேன். அனுமதி போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. என் மேல் எனக்கு வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

நேற்று விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். கல் கணக்கைக் காட்டினேன், நர்ஸ் பெண்ணும் வந்து சொன்னாள், ஒத்துக்கொண்டார்கள். நடுவில் இருந்த அதிகாரி, "சரிங்க, இந்தத் தப்பான சைஸை கடைக்கு யார் சொன்னது?" என்றார். உன் தாள் என் பையில் இருந்தது. கையை உள்ளே விட்டேன். உறை தட்டுப்பட்டது. நீ கூம்பு அடுக்கியது ஞாபகம் வந்து தொலைத்தது. "நான்தாங்க. ஸ்டெப்னியைப் பார்த்து சொல்லிட்டேன்" என்றேன். ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டடத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்தது கிடையாது.

ரத்து செய்யவில்லை. மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நர்ஸ் பெண்ணை நானே அடுத்த தெருப் பள்ளிக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். அந்தப் பள்ளிக்காரன் பல்லைக் காட்டினான். காட்டட்டும்.

இப்போது உன் முறை. ஏன்டா என்னிடம் கேட்கவில்லை? வருகிறவன் போகிறவனிடமெல்லாம் இரண்டு தடவை கேட்பானாம், சொந்த அக்காவிடம் வாய் வராதாம். நான் என்ன பேயா, பிசாசா? இந்தக் கேள்வியை எழுதிவிட்டு அரைமணி நேரம் பேனாவை மூடி வைத்தேன். பதில் எனக்கே தெரியும், நீ எழுத வேண்டாம்.

மூன்றாவது தடவை நீ தயாராகத்தான் இருந்தாய். ஒரு குறையும் இல்லை. "எங்கள் பள்ளியில் தேறாதவர் எவருமில்லை" என்று அந்த மாதம்தான் பலகை எழுதி மாட்டியிருந்தேன். முதலில் தோற்பவன் என் தம்பியாக இருந்துவிடுவானோ என்று எனக்குப் பயம். நீ தோற்றிருக்க மாட்டாய். அது அப்போதும் தெரியும்.

உன் தாளைக் கொடுக்கவில்லை. உறையோடு இதில் வைத்திருக்கிறேன். முதலாளியிடம் காட்டு, உன் மேல் தப்பில்லை என்று சொல். வேண்டுமென்றால் நான் வந்து சொல்கிறேன்.

அக்கா


ஜூலை 6, சனி

அக்கா,

கொடுக்கவில்லையா? நீ அதைக் கொடுக்கவே இல்லையா? ஒன்பது வருடத்தைத் தூக்கிக் கொடுத்து வாங்கிய தாளை, மடிப்புக் கலையாமல் பையிலேயே வைத்திருந்து திருப்பி அனுப்புகிறாய்? ஒன்று அதைக் கேட்காமலாவது இருந்திருக்க வேண்டும், இல்லை கேட்டதைப் பயன்படுத்தியாவது இருக்க வேண்டும். உன்னை என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு ரெஞ்சைத் தூக்கி எறிந்தேன். கம்ப்ரஸர் மேல் பட்டு, கடையே திரும்பிப் பார்த்தது.

முதலாளியிடம் உன் கடிதத்தையே காட்டினேன். முழுதாகப் படித்தார், பலகையைப் பற்றி நீ எழுதிய கடைசிப் பக்கத்தையும் கேட்காமலே படித்தார். "அக்கான்னா இப்படித்தான் இருப்பாங்க" என்றார். பிரிவைக் கொடுத்தது கொடுத்ததுதான், ஒரு வாரத்தில் பிடுங்க முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். நீ வந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். நீ வந்தால் அதுவும் போய்விடும்.

பலகைக்காகவா? ஒரு தகரப் பலகைக்காகவா என்னை எல்லார் முன்னாலும் கூம்பு அடுக்க வைத்தாய்? பதினோரு வருடமாக நான்தான் ஏதோ சரியாக ஓட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோபம் இப்போதைக்குத் தீராது. தீர்ந்துவிட்டது என்று நான் எப்போதாவது சொன்னாலும் நம்பாதே.

14-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். 145/70 இப்போது எங்கும் கிடைப்பதில்லை. 155/65, பதிமூன்று எடுத்து வைத்திருக்கிறேன், மொத்த உயரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர்தான் குறையும். ரிம்மும் சேர்த்து ஐந்து. ஐந்தாவது ஸ்டெப்னிக்கு. டிக்கியில் இருப்பதை என் கையாலேயே எடுத்துக் கடாச வேண்டும். ஒர்க்‌ஷாப்காரரைக் கூப்பிடாதே, நானே மாட்டுகிறேன். சைஸை உன்னிடம் கேட்கப் போவதில்லை, ஸ்டிக்கரை நானே குனிந்து பார்த்துக்கொள்கிறேன். மறுபடி வேகத்தடையில் அடி தட்டும். தட்டட்டும். மெதுவாக ஏறச் சொல்லிக்கொடு, அதுதானே உன் தொழில்.

மாட்டிய பிறகு அதே பத்துக் கல்லையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் ஓட்டுகிறேன். எனக்கு உரிமம் இருக்கிறது. இங்கே வந்த மூன்றாவது மாதமே எடுத்துவிட்டேன், முதல் தடவையிலேயே. யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று தேர்வு வைத்தவர் கேட்டார். உன் பெயரைச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வாயில் உன் பெயர்தான் வந்தது.

நீ பக்கத்து சீட்டில் பென்சிலோடு உட்கார். உன் காலடியில் பிரேக் இருக்கும். ஒரு தடவை மிதித்தாலும் காரை அந்தக் கல்லிலேயே நிறுத்திவிட்டு பஸ் ஏறிவிடுவேன், சத்தியமாகச் சொல்கிறேன். முள்ளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கல்லை எண்ணு.

தம்பி